ஹார்ட் ஃபெயிலியர் நோயாளி வார்டுக்கு வந்தால்: புது சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும்

கார்டியாலஜி வார்டில் புதிதாக டியூட்டிக்கு வருபவர்கள் முதலில் மானிட்டரைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். மானிட்டர் கத்தும், அதனால் கவனித்துவிடலாம். சத்தமில்லாமல் மோசமாகிறவர் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிதான். காலையில் பிரஷர் 110/70, பல்ஸ் 88, எல்லாம் சரி என்று சார்ட்டில் எழுதியிருக்கும். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பார். அது அந்த நிமிடத்தில் வந்ததில்லை, இரண்டு நாளாக எடை ஏறிக்கொண்டே வந்திருக்கும், முந்தின நாள் எண்ணோடு யாரும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது? கீழே சொல்வதெல்லாம் அதைக் கண்டுபிடிக்கிற வழிகள்.

அடிப்படை சுருக்கமாக. பழைய அட்டாக், பல வருடம் கட்டுப்படாத பிரஷர், சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு, குடி என்று ஏதோ ஒரு காரணத்தால் இதயம் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் போகிறது. இடது பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு வாங்கும். வலது பக்கம் தளர்ந்தால் கால் வீங்கும், வயிறு உப்பும், கல்லீரல் பெரிதாகும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 55 என்று இருப்பதைப் பார்த்து "பம்பிங் நல்லாத்தானே இருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இ.எஃப். நன்றாகவே இருக்கும். அவர்களுக்கு இதயம் சுருங்குவதில் சிக்கல் இல்லை, விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல்.

தொடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை

ஸ்ட்ரெச்சரில் வந்தவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். படுக்கச் சொன்னால் மறுத்து, கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாரா? பேர், ஊர் கேட்டால் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா, இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்துகிறாரா? நிறையப் பேர் "மூச்செல்லாம் வாங்கல சிஸ்டர்" என்பார்கள், அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தோள் இரண்டும் ஏறி இறங்கும். மூச்சை எண்ணும்போது எண்ணுகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். பல்ஸ் பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனித்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்து நோயாளிக்கும் மூச்சு 20 என்றே எழுதி வைத்திருக்கும் சார்ட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அது யாரும் எண்ணவில்லை என்பதற்கு அத்தாட்சி.

கையையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். கை கதகதப்பாக இருந்து மூச்சு மட்டும் வாங்கினால் உடம்பில் நீர் அதிகம், ரத்த ஓட்டம் பரவாயில்லை. கை கால் சில்லென்று வியர்த்து, ஆள் குழப்பமாகப் பேசி, மேல் பிரஷர் 90க்குக் கீழே, சிறுநீரும் குறைந்திருந்தால் இதயம் ஷாக்குக்குப் போகிறது என்று அர்த்தம். விவரம் கேட்டு எழுதுவதெல்லாம் அப்புறம், டியூட்டி டாக்டரை அப்போதே கூப்பிடுங்கள்.

மூச்சுத் திணறலோடு வந்தால் தலைமாட்டை நன்றாக உயர்த்தி உட்கார வையுங்கள். பிரஷர் இடம் கொடுத்தால் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடலாம், காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து மூச்சு கொஞ்சம் லேசாகும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) 90க்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன். 96, 97 இருப்பவருக்கும் பழக்கத்தில் மாஸ்க் மாட்டுவது வேண்டாம், அதனால் பலன் இல்லை. பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெட்டவர் என்றால் 88 முதல் 92க்குள் வைத்துக்கொண்டாலே போதும். இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தால் நுரையீரல் நீரில் மூழ்குகிறது, தனியாக விட்டு நகராதீர்கள், இன்னொருவரை அனுப்பி டாக்டரை வரச் சொல்லுங்கள்.

நெஞ்சு வலியும் சேர்ந்திருந்தால் வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து டாக்டர் கண்ணில் காட்ட வேண்டும். "கேஸ்தான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே அட்டாக்கோடு வருபவர்கள் நம் ஊரில் அநேகம். சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பல பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் அசதி, வியர்வை, வாந்தி, தாடை வலி என்று வரும். எலெக்ட்ரோடு வைக்கும்போது மார்பெலும்பின் இரு பக்கமும் வருகிற வி1, வி2 இரண்டையும் விலா இடைவெளி எண்ணி நான்காவதில் வையுங்கள். அவசரத்தில் கண்மதிப்பில் வைத்தால் ஒன்றிரண்டு இடைவெளி மேலே போய்விடும், இசிஜியின் தோற்றமே மாறிவிடும்.

கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

"மூச்சு வாங்குதா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்று கேளுங்கள். போன மாதம் ஒன்று, இப்போது மூன்று என்றால் அதுதான் தகவல். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காருகிறாரா? ராத்திரியில் மட்டும் வறட்டு இருமல் வருகிறதா? குனிந்து கோலம் போடும்போது, செருப்பு மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்குகிறதா? பதிலை நோயாளியிடம் மட்டும் வாங்காமல் கூட வந்தவரிடமும் வாங்குங்கள். தாத்தா "நல்லாத் தூங்குறேன்" என்பார், பின்னால் நிற்கும் மகள் "ஒரு வாரமா ஈஸி சேர்லதான் சிஸ்டர் தூங்குறாரு" என்பார்.

நடை எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். நியூயார்க் ஹார்ட் அசோசியேஷனின் நாலு வகுப்பு பாடத்தில் படித்ததுதான்: சாதாரண வேலையில் ஒன்றும் தெரியாது என்றால் முதலாவது, சாதாரண வேலையிலேயே இளைப்பு வந்தால் இரண்டாவது, அதைவிடக் குறைந்த வேலையிலேயே வந்தால் மூன்றாவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தால் நான்காவது. வகுப்பு எண்ணோடு ஒரு உதாரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். "பாத்ரூம் போய்வந்தால் ஐந்து நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது" என்ற ஒரு வரி அடுத்த ஷிஃப்டுக்கு அதிகம் சொல்லும்.

ஏன் இப்போது மோசமானது என்பதைக் கட்டாயம் தோண்டுங்கள். வழக்கமான காரணங்கள் சிலதான். மாத்திரையை நிறுத்தியது, உப்பு அதிகமானது, காய்ச்சல் அல்லது நெஞ்சுச் சளி, புதிதாக வந்த ஒழுங்கற்ற துடிப்பு, புதிய அட்டாக், அப்புறம் மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரை. இந்தக் கடைசி ஒன்றை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், வலி மாத்திரையை மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறா உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தையும் இழுத்துவிடும். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டு மாத்திரைக் கவரை அப்படியே எடுத்து வரச் சொல்லி, அட்டையில் மிச்சத்தை எண்ணி, கடைசியாக எப்போது வாங்கினார்கள் என்று கேளுங்கள். திட்டும் குரலில் கேட்டால் உண்மை வராது. நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது உண்டா என்பதையும் அதே சாதாரணக் குரலில் கேட்டுவிடுங்கள்.

கையாலும் காதாலும்

பல்ஸை 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது இந்த வார்டில் வேண்டாம். முழு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒருவர் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்தும் இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தும் ஒரே நிமிடத்தில் எண்ண வேண்டும். நெஞ்சில் 118, கையில் 92 என்று வந்தால் மீதித் துடிப்புகள் கைக்கு வந்து சேரவில்லை. இரண்டு எண்ணையும் எழுதுங்கள்.

பிரஷரைப் படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நீர் மாத்திரை அதிகமாகிப் போனதற்கோ, பிரஷர் குறைக்கும் மருந்து தூக்கலாக இருப்பதற்கோ அறிகுறி. பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதெல்லாம் இப்படித்தான்.

கழுத்து நரம்பைப் பார்க்க 45 டிகிரி சாய்த்து, முகத்தை லேசாக இடது பக்கம் திருப்பி, வலது கழுத்தில் பாருங்கள். மார்பெலும்பில் விரலால் தடவினால் தட்டுப்படும் மேடான கோணத்திலிருந்து 3 செ.மீ.க்கு மேல் நரம்பு புடைத்துத் தெரிந்தால் உள்ளே நீர் அதிகம். முதல் வாரத்தில் எல்லோருக்கும் இது பிடிபடாது, டாக்டர் பார்க்கும்போது கூட நின்று நாலு நோயாளியிடம் பார்த்தால் கண் பழகிவிடும். நுரையீரலைப் பின்பக்கம் அடியிலிருந்து கேளுங்கள், மூச்சை உள்ளே இழுக்கும்போது காதருகே தலைமுடியை உரசுவதுபோன்ற சத்தம் கேட்கும். நேற்று அடியில் மட்டும் கேட்டது இன்று நடு முதுகு வரை ஏறியிருக்கிறதா என்பதைக் குறித்து வையுங்கள்.

வீக்கம் பார்க்க முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பின் மேல் கட்டை விரலால் ஐந்து பத்து வினாடி அழுத்தி எடுங்கள். குழி எவ்வளவு ஆழம், வீக்கம் கணுக்கால் வரையா, முழங்கால் வரையா, தொடை வரையா? படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கால் வற்றியதுபோல இருக்கும், நீர் எல்லாம் இடுப்புக்குப் பின்பக்கம் இறங்கியிருக்கும், ஒருக்களித்துத் திருப்பி அங்கே அழுத்திப் பாருங்கள். வேட்டி இறுக்கமாகிவிட்டது, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்பதும் வீக்கத்தின் கதைதான்.

எடை, சிறுநீர், டம்ளர்

என்னைக் கேட்டால் இந்த நோயாளிக்கு எக்கோ மிஷினுக்கு அடுத்தபடி முக்கியமான கருவி எடை மிஷின். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கால் கண்ணுக்குத் தெரிந்து வீங்குவதற்குள் உடம்பில் சில லிட்டர் சேர்ந்திருக்கும், எடையோ அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால், அதே மிஷினில், அதே மாதிரி உடுப்பில் பாருங்கள். இன்று லுங்கியில், நாளை போர்வை சுற்றிக்கொண்டு என்று பார்த்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மிஷின் தரை சமமில்லாத இடத்தில் இருந்தாலும் ஏமாற்றும். நிற்க முடியாதவரை வற்புறுத்தி நிறுத்தாதீர்கள், அவருக்கு இன்டேக் அவுட்புட் சார்ட்டை (உள்ளே போன நீர், வெளியே வந்த நீர் கணக்கு)த்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

அந்த சார்ட்தான் வார்டிலேயே அதிகம் கற்பனை கலந்த காகிதம். குடித்தது "1500 மி.லி." என்று ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக எழுதுவது எதற்கும் உதவாது. அட்டெண்டரின் டம்ளரை வாங்கி ஒரு முறை அளந்து பார்த்து, கட்டிலருகே எழுதி ஒட்டுங்கள், டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும். கஞ்சி, ரசம், மோர், பால், இளநீர், மாத்திரை போடும் தண்ணீர், ஊசி மருந்தோடு ட்ரிப்ஸில் போகிற நீர் எல்லாமே கணக்கு. டாக்டர் ஒன்றரை லிட்டர் என்று கட்டுப்படுத்தியிருந்தால் அந்த அளவை ஒரு பாட்டிலில் காலையிலேயே நிரப்பி வைத்து, வேறு எதையாவது குடிக்கும்போதெல்லாம் அதே அளவை அந்தப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடச் சொன்னால் படிக்காத பாட்டிக்கும் கணக்குப் புரியும். நாக்கு வறண்டால் வாய் கொப்பளிக்கலாம், ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

லாசிக்ஸ் (உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) ஊசி போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை தொடங்கி அரை மணியில் உச்சத்துக்கு வரும், இரண்டு மணி நேரத்தில் அடங்கும். ஆகவே போட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த மணி நேரங்களில் சிறுநீர் எவ்வளவு வந்தது என்று அளந்து பாருங்கள். முதல் ஆறு மணி நேரமும் மணிக்கு 100 மி.லி.க்குக் குறைவாகவே வந்தால் டோஸ் போதவில்லை என்று அர்த்தம், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே பக்கத்தில் கமோடு நாற்காலியோ யூரின் கேனோ தயாராக இருக்க வேண்டும். மூச்சு வாங்கும் ஆளை அவசரமாகப் பாத்ரூமுக்கு ஓட விடாதீர்கள்.

மருந்து கையில் எடுக்கும்போது

லாசிக்ஸை வேகமாக ஏற்றினால் காது இரையும், கேட்கும் திறனே போகலாம். பெரிய டோஸை ட்ரிப்பாகக் கொடுக்கும்போது நிமிடத்துக்கு 4 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மாத்திரையாக இருமுறை கொடுப்பதென்றால் இரண்டாவதைச் சாயங்காலம் நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்கச் சிறுநீருக்கு எழுந்து தூக்கம் போய்விடும்.

லாசிக்ஸ் பொட்டாசியத்தை வெளியே தள்ளும், ஸ்பைரோனோலாக்டோன் என்ற இன்னொரு நீர் மாத்திரையும், எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரைகளும் பிடித்து வைக்கும். இரண்டு பக்கமும் ஆபத்துதான், 3.5க்குக் கீழேயும் 5க்கு மேலேயும் போனால் இதயத் துடிப்பு கெடும். ரிப்போர்ட் வந்ததும் கோப்பில் செருகிவிட்டுப் போகாமல் எண்ணைப் பாருங்கள். பொட்டாசியம் ஊசியை ஒருபோதும் கலக்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றக் கூடாது, உயிர் போய்விடும்.

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சினுக்கு முன்னால் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள், 60க்குக் கீழே என்றால் கொடுக்காமல் டாக்டரைக் கேளுங்கள். டிகாக்சின் எடுப்பவர் திடீரென்று சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் மருந்து உடம்பில் ஏறிவிட்டது என்று சந்தேகியுங்கள், பொட்டாசியம் குறைந்திருக்கும்போது இது இன்னும் சுலபமாக வரும். எனலாப்ரில், ராமிப்ரில் எடுத்தவரைச் சகுபிட்ரில்-வல்சார்டானுக்கு மாற்றினால் நடுவில் 36 மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கும் அபாயம் உண்டு. ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கும் முன் பிரஷர் பாருங்கள், மேல் அளவு 90க்குக் கீழே என்றால் வேண்டாம். வயாக்ரா மாதிரி மாத்திரை போட்டாரா என்பதைத் தனியாக, உறவினர் இல்லாதபோது கேளுங்கள், கூச்சத்தில் மறைத்தால் இரண்டு மருந்தும் சேர்ந்து பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும்.

படுக்கையில் கவனிப்பு

குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, நடக்க வைப்பது, இசிஜிக்கு அனுப்புவது எல்லாவற்றையும் காலை ஒரு மணி நேரத்தில் அடுக்காதீர்கள். நடுவில் ஓய்வு விடுங்கள். ஒரு வேலைக்குப் பிறகு பல்ஸ் ரொம்ப ஏறினாலோ, பிரஷர் இறங்கினாலோ, பேச முடியாமல் இளைத்தாலோ அந்த வேலை இன்றைக்கு அவருக்கு அதிகம். மலம் கழிக்க முக்கவே கூடாது, மலச்சிக்கல் என்றால் முதல் நாளே சொல்லி மருந்து வாங்கிவிடுங்கள். பெட்பேனைவிட, உட்கார முடிந்தவருக்குக் கமோடு நாற்காலிதான் இதயத்துக்குச் சுலபம். வீங்கிய காலில் தோல் மெலிந்திருக்கும், குதிகாலும் இடுப்புப் பின்பக்கமும் சீக்கிரம் புண்ணாகும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் திருப்பிப் பாருங்கள்.

பயத்தையும் கவனியுங்கள். மூச்சு முட்டுகிறவர் செத்துவிடுவோம் என்றே நினைப்பார். "ஒண்ணும் இல்லய்யா" என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, "ஊசி போட்டிருக்கு, அரை மணி நேரத்துல யூரின் போகும், மூச்சு லேசாகும், நான் இங்கதான் இருக்கேன்" என்று நடக்கப்போவதைச் சொன்னால் அடங்குவார்.

டாக்டரைக் கூப்பிடும்போது

"சார், ஆறாம் பெட் பேஷண்ட் சரியில்ல, கொஞ்சம் வாங்க" என்றால் எந்த டாக்டருக்கும் அவசரம் புரியாது. இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "சார், ஆறாம் பெட், 62 வயது, ஹார்ட் ஃபெயிலியர், நேற்று சாயங்காலம் அட்மிஷன். அரை மணி நேரமா மூச்சு அதிகம், நிமிஷத்துக்கு 32, சாச்சுரேஷன் 88, பிரஷர் 160/100. காலையில அடியில மட்டும் இருந்த சத்தம் இப்ப நடு முதுகு வரைக்கும் கேக்குது. நாலு மணி நேரத்துல யூரின் 60 மி.லி.தான். உட்கார வச்சு ஆக்சிஜன் போட்டிருக்கேன், நீங்க நேர்ல வந்து பாக்கணும்." இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொன்ன நேரத்தையும் கிடைத்த பதிலையும் குறித்து வையுங்கள்.

சாப்பாடும் டிஸ்சார்ஜும்

"உப்பைக் குறைங்க" என்பது அறிவுரையே இல்லை, எதில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், வடகம், மிக்சர், ஓட்டல் சாம்பார், வாய்வுக்குக் கரைத்துக் குடிக்கும் நுரைப்பொடி எல்லாவற்றிலும் சோடியம் உண்டு. இந்துப்பு நல்லது என்று மாற்றிக்கொள்பவர்கள் நிறைய, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு அதுவும் தினசரி இளநீரும் ஆபத்தாகலாம், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை தாராளமாகப் போட்டால் நாக்கு ஒரு சில வாரத்தில் பழகிவிடும். சமைப்பது யாரோ அவரிடம் இதைப் பேசுங்கள். தாத்தாவிடம் மட்டும் சொல்லிப் பலனில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அட்டையைக் கொடுத்து அனுப்புவதோடு விடாமல், எந்த மாத்திரை எதற்கு, எப்போது என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் இன்னொரு முறை சொல்லிக்கொடுங்கள். வீட்டில் தினமும் காலையில் எடை பார்த்து காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கூடுதல் தலையணை தேவைப்பட்டாலோ, கால் வீக்கம் ஏறினாலோ, தலை சுற்றினாலோ அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி என்றால் ஆட்டோ தேடாமல் 108. முதல் ரிவ்யூ ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு மாற்றி வாங்குங்கள். போகிற அன்று காலையில் எடுத்த எடையை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள், வீட்டில் போய்ப் பார்க்கிற ஒவ்வொரு எண்ணையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். வீட்டு மிஷின் அரை கிலோ, ஒரு கிலோ கூடக் குறையக் காட்டலாம், அதனால் போன மறுநாள் காலையில் அந்த மிஷினிலும் ஒரு முறை பார்த்து அதே அட்டையில் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.